தாம்பரமும் ஆப்பிரிக்காவும்
உலக மன்றங்களும் வட்டார மன்றங்களும் ஒத்துழைத்த வரலாற்றில் ஒரு பாடம்

இறையியல் மாணவரிடம் "தாம்பரம்" என்று சொன்னால், அவர்கள் உடனே ஹென்றிக் கிரேமரின் பெயரைச் சொல்வர். 1938-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய அனைத்துலக மிஷனெரி மன்றத்தின் மாநாடும், அதற்கென அவர் எழுதிய நூலும், அந்நூலுக்குச் சென்னையிலிருந்து செஞ்சையாவும் சக்கரையும் அவர்தம் நண்பரும் தந்த மறுமொழியும் நம் பாடத்திட்டத்தில் நிலைத்த இடம் பெற்றுவிட்டன. நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவு பற்றிய அவ்விவாதத்தின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அதன் நிழலில் மற்றொரு வரலாறு மறைந்துகிடக்கிறது. அம்மாநாட்டிற்கு ஆப்பிரிக்கர் வந்தனர். அவர்கள் வந்த முறையும், பேசிய முறையும், திரும்பிச் சென்றபின் செய்தவையும் இன்று உலக அரசுகளின் மன்றங்களில் பேசப்படும் ஒரு கேள்விக்கு முன்னுரையாய் அமைந்தன.

அக்கேள்வி இது. உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அமைப்பு ஒரு கண்டத்தின் மேம்பாட்டிற்குத் துணைசெய்ய முன்வரும்போது, அக்கண்டத்தார் தமக்கென அமைத்துக்கொண்ட வட்டார அமைப்புக்கு அங்கே என்ன இடம்? அது உதவியைப் பெற்றுக்கொள்ளும் கையா, அல்லது திட்டத்தை வகுக்கும் தலையா? இதற்கு விடைகாண மூன்று சிறு வினாக்களை அளவுகோலாகக் கொள்வோம். மேசையில் அமர்ந்தவர் யார்? நிகழ்ச்சி நிரலை எழுதியவர் யார்? பணப்பையை வைத்திருந்தவர் யார்?

1. கைவிடப்பட்ட எத்தியோப்பியா

தாம்பரம் மாநாடு கூடுவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஜெனீவாவில் நிகழ்ந்த ஒன்றை முதலில் நினைவுகூர வேண்டும். 1935-இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மேல் படையெடுத்தது. எத்தியோப்பியா அந்நாளைய உலக அமைப்பாகிய சர்வதேச சங்கத்தின் உறுப்பு நாடு. 1936 ஜூன் 30-ஆம் நாள் பேரரசர் ஹெய்லி செலாசி அச்சங்கத்தின் முன் நின்று நீதி கேட்டார். சங்கம் அவரைக் கைவிட்டது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அந்நாளில் ஐரோப்பிய அரசுகளின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. தனக்காகக் குரல்கொடுக்கக்கூடிய வட்டார அமைப்பு எதுவும் அக்கண்டத்திற்கு இல்லை. உலக அமைப்பு ஒன்று இருந்தும், அண்டை நாடுகளின் கூட்டுறவு இல்லாத நாடு தனிமையில் வீழ்ந்தது.

தென்னாப்பிரிக்காவிலோ, அதே 1936-இல் இயற்றப்பட்ட சட்டம் கேப் மாகாணத்து ஆப்பிரிக்கரைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. இப்பின்னணியில்தான் ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் தாம்பரம் நோக்கிக் கப்பலேறினர்.

2. தாம்பரத்து மேசை

மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெறுவதாக இருந்தது. 1937-இல் ஜப்பான் சீனாவின்மேல் போர்தொடுத்தமையால் இடம் மாற்றப்பட்டது. கிறிஸ்தவக் கல்லூரி சென்னை நகரின் நெரிசலைவிட்டுச் சேலையூர்க் காட்டுப்பகுதிக்கு 1937 தொடக்கத்தில்தான் இடம்பெயர்ந்திருந்தது. 1931 முதல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடியது. புதிய விடுதிகள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் காலியாயிருந்தன. டிசம்பர் 12 முதல் 29 வரை, ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பேர் அங்குத் தங்கினர். போரிட்டுக்கொண்டிருந்த சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு, ஒருங்கே செபித்தனர்.

1910-ஆம் ஆண்டு எடின்பரோ மாநாட்டில் ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளுள் ஆசியர் மிகச் சிலர். ஆப்பிரிக்கரின் குரல் ஏறத்தாழ இல்லை எனலாம். நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கு எழுந்து, மேலைத் திருச்சபைகளிடம் பொருளுதவிக்கும் மேலாக நட்பை வேண்டினார். தாம்பரத்திலோ "இளைய திருச்சபைகள்" என்று அந்நாளில் வழங்கிய ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சபைகளிலிருந்து வந்தோர் பாதிக்கும் மேற்பட்டவராயினர். அசரியா பேராயரும் அங்கிருந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளில் மேசையின் தோற்றம் மாறிவிட்டது.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோருள் நால்வரை இங்குக் குறிப்பிடலாம். நேட்டால் மாகாணத்துக் குரூட்வில் என்னும் ஊரின் தலைவராய் இருந்த ஆல்பர்ட் லுத்துலி தென்னாப்பிரிக்கக் கிறிஸ்தவ மன்றத்தின் பிரதிநிதியாக வந்தார். அவ்வூர் கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்தது. 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து "துரூரோ" என்னும் கப்பலில் முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நம் மக்கள் உழைத்த கரும்புச் சீமையும் அதே நேட்டால்தான். தென்னாப்பிரிக்கச் சோசா இனத்து ஆசிரியை மீனா சோகாவும், தென் ரொடீசியாவிலிருந்து மெதடிஸ்து போதகர் தாம்சன் சாம்காங்கேயும், கோல்டு கோஸ்டு என்று அன்று வழங்கிய கானாவிலிருந்து கிறிஸ்டியன் பையேட்டாவும் வந்தனர்.

இவர்களுக்குத் தாம்பரம் என்ன தந்தது? இப்பயணம் தம் பார்வையை விரித்தது என்று லுத்துலி தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். தம் நாட்டிற்குள் வெள்ளையர், கறுப்பர் என்ற ஒரே பிளவைக் கண்டு பழகியவர், ஆசியத் திருச்சபைகளின் தலைவர்கள் மேலைநாட்டாருடன் சமமாய் வாதிட்டதை இங்குக் கண்டார். 1952-இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் தலைவரானார். 1960-ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டது. சாம்காங்கே தம் நாட்டின் ஆப்பிரிக்கக் காங்கிரஸுக்குத் தலைமைதாங்கினார். பையேட்டா பின்னாளில் கானாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் மிஷனெரி மன்றத்தின் முன்னணித் தலைவராகவும் விளங்கினார். தாம்பரமே இவர்களை உருவாக்கியது என்று சொல்வது மிகையாகும். எனினும் அவர்தம் உருவாக்கத்தில் தாம்பரத்துக்கும் பங்குண்டு என்பதை மறுக்கவியலாது.

3. நிரலும் பணப்பையும்

எனினும் நம் அளவுகோலின் மற்ற இரு வினாக்களையும் கேட்டால் விடை வேறாகிறது. ஆப்பிரிக்கப் பொருளாதார வாழ்வைப்பற்றிய ஆய்வு மிஷனெரி மன்றத்துக்குப் புதிதன்று. அம்மன்றத்தின் சமூகப் பொருளாதார ஆய்வுத்துறையை நடத்திய மெர்ல் டேவிஸ், இன்று சாம்பியா எனப்படும் வட ரொடீசியாவின் தாமிரச் சுரங்கப்பகுதியை ஆராய்ந்து 1933-இல் ஒரு நூல் வெளியிட்டார். சுரங்க வேலைக்கு ஆண்கள் போய்விட, கிராமமும் குடும்பமும் சபையும் குலைவதை அது விரிவாய்க் காட்டியது. தாம்பரம் மாநாட்டு அறிக்கைகளின் ஏழு தொகுதிகளுள் ஒன்று திருச்சபையின் பொருளாதார அடிப்படையைப் பற்றியதே. நல்லெண்ணமும் உழைப்பும் அவற்றில் நிறைந்துள்ளன. ஆனால் ஆய்வுக்குப் பொருள் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆய்வாளர் மேலைநாட்டார், ஆப்பிரிக்கர் ஆராயப்பட்டவர். நிரல் இலண்டனிலும் நியூயார்க்கிலும் எழுதப்பட்டது.

இதற்குக் காரணம் தீய எண்ணம் அன்று, அமைப்பின்மை. இந்தியாவிற்கு 1914 முதலே ஒரு தேசிய மன்றம் இருந்தது. ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்டு, தென்னாப்பிரிக்கா போன்ற சில நாடுகளில் மட்டுமே கிறிஸ்தவ மன்றங்கள் தோன்றியிருந்தன. கண்டம் முழுவதற்கும் ஒரு மன்றம் இல்லை. அக்ராவிலிருந்து வந்தவரும் டர்பனிலிருந்து வந்தவரும் ஒருவரையொருவர் சந்திக்க வங்கக் கடலோரம் வரவேண்டியிருந்தது! தனித்தனி ஆட்கள் உலக மன்றத்தின் முன் சாட்சி பகரலாம். பேரம் பேச அமைப்பு வேண்டும்.

1939-இல் உலகப்போர் மூண்டபோது உலக மன்றத்தின் பயனும் வெளிப்பட்டது. ஜெர்மானிய மிஷன்கள் தாயகத்தினின்று துண்டிக்கப்பட்டு "அநாதை மிஷன்கள்" ஆயின. லைப்சிக் மிஷன் ஒரேநேரத்தில் நம் தரங்கம்பாடிச் சபைகளிலும் கிழக்காப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்திலும் பணிபுரிந்தது. அத்தகைய மிஷன்களைப் பிற நாட்டுச் சபைகள் தாங்க மிஷனெரி மன்றம் ஏற்பாடு செய்தது. உலக அமைப்பு வேண்டாததன்று என்பதற்கு இதுவே சான்று. வட்டார அமைப்பு அதற்கு எதிரியன்று, அதன் மறுபாதி.

4. 1963: ஒரே வசந்தத்தில் இரண்டு மன்றங்கள்

1945-இல் ஐக்கிய நாடுகள் அவை தோன்றியபோது அதன் 51 உறுப்பு நாடுகளுள் ஆப்பிரிக்க நாடுகள் நான்கே: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா. எனினும் அவையின் சாசனம் எட்டாம் அதிகாரத்தில் வட்டார அமைப்புகளுக்கு இடங்கொடுத்தது. 1958-இல் அவை ஆப்பிரிக்காவுக்கென ஒரு பொருளாதார ஆணையத்தை நிறுவி, அதன் தலைமையகத்தை ஆடிஸ் அபாபாவில் வைத்தது. தொடக்கத்தில் அவ்வாணையத்தில் ஐரோப்பியக் காலனி அரசுகளும் உறுப்பினராய் அமர்ந்திருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 1958 சனவரியில் நைஜீரியாவின் இபாடானில் ஆப்பிரிக்கத் திருச்சபைகள் முதன்முறையாகக் கண்டமளாவிக் கூடின. 1963 ஏப்ரலில் கம்பாலாவில் அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாடு முறையாக அமைந்தது. மறு திங்களே, மே 25-ஆம் நாள், 32 நாடுகள் ஆடிஸ் அபாபாவில் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை நிறுவின. விருந்தளித்தவர், 1936-இல் ஜெனீவாவில் தனித்துநின்ற அதே ஹெய்லி செலாசி. 1965-இல் ஐக்கிய நாடுகள் அவையும் ஒற்றுமை அமைப்பும் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. முப்பது ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்கா தன் மேசையைத் தானே செய்துகொண்டது.

5. சூடான், 1972

உலக மன்றமும் வட்டார மன்றமும் தத்தம் பங்கையறிந்து இணைந்தால் என்ன விளையும் என்பதற்குச் சூடான் ஓர் அரிய சான்று. 1955 முதல் அந்நாட்டின் வடபகுதி அரசுக்கும் தென்பகுதி மக்களுக்கும் உள்நாட்டுப்போர் நடந்தது. ஒற்றுமை அமைப்பு உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்னும் கொள்கையால் கட்டுண்டிருந்தது. உலகத் திருச்சபை மன்றத்திடம் பொருளும் பன்னாட்டுத் தொடர்பும் இருந்தன. ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாட்டிடம் அண்டை வீட்டாருக்குரிய நம்பிக்கை இருந்தது. 1971-இல் இரண்டின் தூதுக்குழுவும் கார்ட்டூம் சென்றது. 1972 பிப்ரவரியில் ஆடிஸ் அபாபாவில் இருதரப்பாரும் அமர்ந்தபோது, பேச்சை நடத்தியவர் வட்டார மாநாட்டின் பொதுச்செயலர், லைபீரியாவைச் சேர்ந்த பர்கெஸ் கார். பிப்ரவரி 27-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அகதிகள் ஊர்திரும்பும் பெரும்பணியை ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையரகம் ஒருங்கிணைத்தது, திருச்சபைகளும் தோள்கொடுத்தன.

அவ்வமைதி பதினோர் ஆண்டுகளே நீடித்தது. 1983-இல் சூடான் அரசு தென்பகுதியின் தன்னாட்சியைக் குலைத்தமையால் மீண்டும் போர் மூண்டது. முடிவில் 2011-இல் தென்சூடான் தனிநாடாயிற்று. ஆயினும் பதினோர் ஆண்டுகள் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றதும் நிலம் உழப்பட்டதும் சிறிய காரியமா? மேம்பாடு என்பது அணைக்கட்டோடும் ஆலையோடும் தொடங்குவதில்லை; துப்பாக்கி ஓய்ந்த நாளில் தொடங்குகிறது.

6. லாகோசும் வாஷிங்டனும்

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 1980 ஏப்ரலில் ஒற்றுமை அமைப்பின் தலைவர்கள் நைஜீரியாவின் லாகோஸில் கூடி, ஒரு செயல்திட்டத்தை ஏற்றனர். அதை உருவாக்குவதில் ஐக்கிய நாடுகளின் பொருளாதார ஆணையமும் அதன் செயலர் அடேபாயோ அடேடெஜியும் பெரும்பங்காற்றினர். உணவில் தன்னிறைவு, ஆப்பிரிக்க நாடுகளுக்கிடையே வாணிகம், 2000-ஆம் ஆண்டளவில் ஒரு பொதுச்சந்தை என்பன அதன் நோக்கங்கள். மறு ஆண்டே உலக வங்கி வேறோர் அறிக்கை வெளியிட்டது. ஆப்பிரிக்காவின் நலிவுக்கு அதன் அரசுகளின் கொள்கைகளே முதற்காரணம் என்றும், ஏற்றுமைப் பயிர்களைப் பெருக்கி அரசின் பங்கைச் சுருக்க வேண்டும் என்றும் அது கூறியது.

இரு ஏடுகளிலும் உண்மை இருந்தது. ஆப்பிரிக்க அரசுகள் சிலவற்றின் ஊழலையும் வீண்செலவையும் லாகோஸ் ஏடு போதிய அளவு கண்டிக்கவில்லை. வங்கியின் ஏடோ, உலகச் சந்தையில் விளைபொருள் விலை வீழ்ந்ததற்கு உரிய இடந்தரவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாதிட்டிருந்தால் நல்லதொரு திட்டம் பிறந்திருக்கலாம். ஆனால் கடன் கொடுக்கும் கை வங்கியினுடையதாய் இருந்தது. அதன் ஏடே வென்றது. கடன் நிபந்தனைகளின்கீழ்ப் பல நாடுகள் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் கட்டணம் விதித்தன. 1989-இல் அடேடெஜியின் ஆணையம் மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்தும் பயன் சிறிதே. மேசையில் இடமிருந்தது, நிரலும் எழுதப்பட்டது, பணப்பை வேறிடத்திலிருந்தது.

இதே முடிச்சைத் திருச்சபையும் கண்டது. 1971-இல் கென்யாவின் பிரஸ்பிடேரியத் தலைவர் ஜான் காட்டு, மேலைநாட்டு மிஷனெரிகளும் பணமும் சிறிதுகாலம் நிறுத்தப்படட்டும் என்றார். 1974-இல் லூசாக்காவில் கூடிய ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாடு அவ்வழைப்பை ஏற்று முழங்கியது. பலர் இதை நன்றிகேடு என்றனர். அவர் கேட்டது விலகலையன்று. தம் காலில் நின்றபின் மீண்டும் கைகோக்கும் உரிமையையே. அவ்வழைப்புக்குக் கிடைத்த நல்ல விடைகளுள் ஒன்றை நாம் அறிவோம். 1795-இல் தோன்றிய இலண்டன் மிஷனெரி சங்கத்தின் வழிவந்த அமைப்பு, 1977-இல் உலக ஊழிய மன்றமாகத் திருத்தியமைக்கப்பட்டது. அனுப்பும் சபை, பெறும் சபை என்னும் வேறுபாடு நீக்கப்பட்டு, நம் தென்னிந்தியத் திருச்சபையும் தென்னாப்பிரிக்க, சாம்பியச் சபைகளும் பிரிட்டானியச் சபைகளும் ஒரே மன்றத்தில் அமர்ந்து பொதுநிதியைப் பங்கிட வழிபிறந்தது. 2012-இல் அதன் தலைமையகமும் இலண்டனைவிட்டுச் சிங்கப்பூருக்கு இடம்பெயர்ந்தது.

7. இன்றைய நிலை

2002-இல் ஒற்றுமை அமைப்பின் இடத்தில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோன்றியது. 2015 சனவரியில் அது "2063 நிரல்" என்னும் ஐம்பதாண்டுத் திட்டத்தை ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவை 2030-க்கான நீடித்த மேம்பாட்டு இலக்குகளை ஏற்றது. இம்முறை வட்டாரத்தின் ஏடு முந்திக்கொண்டது! 2018 சனவரியில் இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற இரு அமைப்புகளும் ஒரு பொதுச் சட்டகத்தில் கையொப்பமிட்டன. 1980-இல் நிகழாதது 2018-இல் நிகழ்ந்தது.

பணப்பையின் முடிச்சோ இன்னும் அவிழவில்லை. ஒன்றியத்தின் திட்டச் செலவுகளுக்குப் பெரும்பகுதி வெளியாரே கொடுத்துவந்தனர். 2016 ஜூலையில் கிகாலியில் கூடிய தலைவர்கள், உறுப்பு நாடுகள் தகுதியான இறக்குமதிகளின்மேல் 0.2 விழுக்காடு தீர்வை விதித்து ஒன்றியத்தைத் தாங்க வேண்டும் எனத் தீர்மானித்தனர். எல்லா நாடுகளும் அதை நடைமுறைப்படுத்திவிடவில்லை. பிறர் பணத்தில் தன்னுரிமை பேசுவது எவ்வளவு அரிது என்பதை அவர்கள் அறிந்துள்ளனர், நாமும் அறிவோம்.

2023 செப்டம்பர் 9-ஆம் நாள் புதுதில்லியில் கூடிய இருபது நாடுகள் குழு ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராக ஏற்றது. 1938-இல் ஆப்பிரிக்கர் தனித்தனி ஆட்களாய் இந்திய மண்ணிற்கு வந்து ஓர் உலக மன்றத்தில் விருந்தினராய் அமர்ந்தனர். எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் அதே இந்திய மண்ணில், ஒரு கண்டம் தன் அமைப்பின் பெயரால் தனக்குரிய நாற்காலியில் அமர்ந்தது.

8. நமக்கு வரும் கேள்வி

இவ்வரலாற்றை நாம் தொலைவிலிருந்து பார்ப்பது தகாது. பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப்பற்றிப் பேசுகையில், சமநிலையையே நோக்கமாகக் காட்டுகிறார். அப்பணத்தைத் தாம் மட்டும் எடுத்துச்செல்லாமல், சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரைத் தம்முடன் அழைத்துச் செல்கிறார். கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் நடுவே சபைகளின் பிரதிநிதி ஒருவர் நிற்கிறார். பணப்பையைப்பற்றிய அப்போஸ்தலரின் கவனம் அத்தகையது.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, வேளச்சேரிப் பகுதிகளில் நம் சபைகள் வளர்ந்து செழித்துள்ளன. இங்கிருந்து கிராமச் சபைகளுக்குக் காணிக்கையும் ஊழியரும் செல்கின்றனர். ஆண்டுக்கொருமுறை வேனில் ஏறிச்சென்று துணியும் அரிசியும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அக்கிராமத்துச் சபையார் நம் குழுக்கூட்டத்தில் அமர்ந்ததுண்டா? அவர்களுக்கு வேண்டியது கூரையா, கிணறா, பிள்ளைகளுக்கு மாலைவகுப்பா என்று முடிவுசெய்தவர் யார்? நாமும் இதில் தவறியுள்ளோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் நாம் ஊழியம்புரிந்த ஒரு நகரச் சபையின் பணத்தில் ஒரு சிற்றூருக்குச் சபைக்கூடம் கட்டித்தந்தோம். அவ்வூரார் கேட்டதோ குடிநீர்க் கிணறு. திறப்புவிழாவன்று அவர்கள் நமக்குக் கொடுத்த குடிநீர் இரண்டு மைல் தொலைவிலிருந்து பெண்கள் சுமந்து வந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

கிழக்குத் தாம்பரத்தில் அக்கல்லூரி வளாகத்தின் மரநிழலில் நடக்கும்போதெல்லாம், 1938-இல் அங்கு நடந்த லுத்துலியையும் மீனா சோகாவையும் நினைத்துக்கொள்கிறோம். அவர்களை நாம் அன்று மேசைக்கு அழைத்தோம், அது நன்று. நிரலை அவர்கள் கையில் கொடுக்க உலகிற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. பணப்பையை ஒருங்கே திறக்க இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை நம் ஆயரகக் குழுவோ சேகரக் குழுவோ ஓர் உதவித்திட்டத்தை வகுக்கும்போது, பெறுவோரின் இருவரை முதற்கூட்டத்திற்கே அழைத்து, அவர்கள் முதலில் பேசட்டும் என்று விடுவோமாக. தாம்பரத்தின் பாடத்தை நம் சேகரத்தில் அங்கிருந்து தொடங்கலாம்.